ஒரு நேரம் இழுக்கும், ஒரு நேரம் இழுக்காது

திருத்தணியிலிருந்து நகரி போகும் சாலையோரத்துப் பட்டறைகளில் எந்த மெக்கானிக்கும் மகிழ்ச்சியோடு காதில் வாங்காத புகார் ஒன்று உண்டு: “ஒரு நேரம் நல்லா இழுக்குதுண்ணா, ஒரு நேரம் இழுக்கவே மாட்டேங்குது.” ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்து டிரைவர் என்றால் தெலுங்கில் “பண்டி லாகட்லேது அன்னா” என்று தொடங்கி, எப்போதும் இல்லை எப்போதாவதுதான் என்பதைக் கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டுவார். ஸ்டார்ட்டே ஆகாத வண்டி வந்தால் பட்டறைக்குக் கவலை கிடையாது. அது நின்ற இடத்தில் நின்று தன் பழுதைக் காட்டிக்கொண்டே இருக்கும், அவிழ்த்துப் பார்த்துவிடலாம். விட்டுவிட்டுச் சோரும் வண்டியோ பட்டறை வாசலுக்கு வந்ததும் ஒழுங்காகிவிடும். மெக்கானிக் ஏறி ஓட்டிப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. டிரைவர் தலையைச் சொறிவார். ஓனர் டிரைவரை ஒரு மாதிரி பார்ப்பார்.

அந்தப் பார்வையைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். எஞ்சினைப் பற்றிப் பேசாமல் அதைப் பேச முடியாது. எஞ்சினுக்கு முன்னால் இந்தச் சாலையைப் பற்றிக் கொஞ்சம்.

1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்து ஊர். ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, எல்லை நடுவர் படாஸ்கர் சொன்ன பங்கீட்டின்படி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக் கோட்டை எங்கே போட்டாலும் லாரிக்காரர்களுக்கு இது சென்னை–திருப்பதி ரோடு. சில ஆண்டுகளாகவே டீசல் விலை ஆந்திரத்தைவிட இந்தப் பக்கம் குறைவு என்பதால், அந்தப் பக்கத்து வண்டிகள் இங்கே டேங்கை நிரப்பிக்கொண்டு போகின்றன. வண்டி இழுக்கவில்லை என்றால் முதல் பழி டீசல் மேல்தான் விழும். நகரிக்காரருக்குத் திருத்தணி டீசல் சரியில்லை, திருத்தணிக்காரருக்கு அந்தப் பக்கத்துப் புத்தூர் டீசல் சரியில்லை. மண்ணெண்ணெய் கலந்து விற்ற காலத்தின் சந்தேகம் இன்னும் போகவில்லை.

வெயிலிலும் இந்த ஊருக்கு ஒரு பெயர் உண்டு. கோடையில் செய்தி கேட்பவர்களுக்கு அது தெரியும்: வேலூரோடு சேர்த்து திருத்தணியின் வெயில் அளவும் வாசிக்கப்படும். 108 டிகிரி, 110 டிகிரி ஃபாரன்ஹீட். முருகனைப் பார்க்க 365 படி ஏறுகிறவர்கள் சித்திரை, வைகாசியில் விடிவதற்குள் ஏறிவிடப் பார்ப்பது சும்மா இல்லை. இந்த வெயில் எஞ்சினுக்கும் சேர்த்துத்தான். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது; காற்றை அழுத்தி அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறது. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ஓட்டிக் காட்டியதும் இதே முறைதான். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய பதினாலரைக் கிலோ காற்று வேண்டும். மார்கழி விடியலில் 18 டிகிரி செல்சியஸில் எஞ்சின் இழுக்கும் ஒரு லிட்டர் காற்றைவிட, கத்திரி வெயிலில் 42 டிகிரியில் இழுக்கும் ஒரு லிட்டர் காற்று எடையில் சுமார் 8 விழுக்காடு குறைவு. டீசலும் சூட்டில் இளகித் தண்ணியாகிறது. டீசல் பம்புக்குள் அழுத்தம் கொடுக்கும் எலிமென்ட் தேய்ந்திருந்தால், காலையில் கெட்டியாக நின்ற டீசல் மத்தியானம் இடுக்கில் வழிந்து பின்வாங்கும். எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலுக்குப் போய்ச் சேர்வது குறையும். ஆகவே “காலையில இழுத்துச்சு, மத்தியானம் இழுக்கல” என்று ஒரு டிரைவர் சொன்னால் அது சோம்பேறியின் சாக்கு ஆகாது. ரப்பர் ஹோஸ், டர்போவிலிருந்து பம்புக்குப் போகும் மெல்லிய பூஸ்ட் பைப், சென்சாரின் ஒயர் முனை எல்லாமே சூட்டுக்கு ஒரு குணம், குளிருக்கு ஒரு குணம் காட்டுபவை.

இத்தனையும் கம்பெனி கொடுத்தபடியே இருக்கிற வண்டிக்கு. அப்படி இருக்கிற பழைய வண்டி இந்தச் சாலையில் எத்தனை என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

லாரி வாங்கியவருக்குத் தவணை இருக்கிறது. வாடகை டன் கணக்கில் வருகிறது. 2018 ஜூலையில் மத்திய அரசே இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. அதற்கு முன்பும் பின்பும் வரம்புக்கு மேல் ஏற்றுகிறவர் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறார். எடை கூடினால் எஞ்சின் திணறும். திணறினால் “கொஞ்சம் பம்ப ஏத்தி விடுங்க” என்பார். பழைய இன்லைன் பம்பில் முழு லோடுக்கு இவ்வளவு டீசல்தான் என்று நிறுத்தும் ஒரு திருகு இருக்கிறது. கம்பெனியிலோ பம்பு ரூமிலோ பெஞ்சில் வைத்து அளந்து, அந்தத் திருகுக்கு ஈய சீல் வைத்து அனுப்புவார்கள். சீலை உடைத்து அரைத் திருகு திருப்பினால் வண்டிக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். கூடவே கரும்புகை வரும். அதற்கு ஈடாகக் காற்று வேண்டுமென்று டர்போவை மாற்றுவார்கள். சத்தத்துக்காக சைலன்சரின் உள்தட்டை வெட்டுவார்கள். வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பும் ஈ.ஜி.ஆர். வழியை ஒரு தகட்டை வைத்து அடைப்பார்கள். பக்கப் பலகை உயரும், டயர் சைஸ் மாறும், தூரம் போக இன்னொரு டீசல் டேங்கு தொங்கும். ஒவ்வொன்றையும் செய்தவர் ஒவ்வொருவர். ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இவற்றில் பெரும்பாலானவற்றை அனுமதிப்பதில்லை. கம்பெனி கொடுத்த அளவிலிருந்து விலகும் மாற்றத்தைப் பதிவுச் சான்றில் ஏற்கக் கூடாது என்று கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகவே சொன்னது. ஆனால் மெக்கானிக்கின் கஷ்டம் சட்டத்தின் கஷ்டம் அன்று. இந்த எஞ்சின் இந்தச் சுற்றில் இவ்வளவு இழுக்க வேண்டும் என்று புத்தகத்தில் ஓர் அளவு இருக்கும். பழுது என்பது அந்த அளவிலிருந்து விலகிய தூரம். மாற்றிய வண்டிக்கு அந்த அளவு செல்லாது. இது நன்றாக ஓடினால் எப்படி ஓடும் என்று சொல்ல ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார்: நாள் முழுக்க அதில் உட்கார்ந்திருக்கும் டிரைவர். பம்பு ஏற்றிய அன்றைக்கு எப்படி இழுத்தது, போன மாதம் எப்படி, இன்றைக்கு எப்படி என்பது அவர் காலடியில் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு லாரியின் கதையைச் சொல்கிறேன். ஆறு சக்கரம், பழைய இன்லைன் பம்பு, டர்போ எஞ்சின். மாங்காய் சீசனில் சித்தூர்ப் பக்கத்திலிருந்து கூழ் பேக்டரிகளுக்கு ஓடும். மற்ற நாளில் செங்கல், உர மூட்டை. பம்பு ஏற்றியிருந்தது. கம்பெனி டேங்கு ஓட்டையாகி, உள்ளூரில் தகடு மடித்துப் பற்றவைத்த பெரிய டேங்கு ஒன்று அதன் இடத்துக்கு வந்திருந்தது. வண்டி சில நாள் நன்றாகப் போகும். சில நாள் நகரி தாண்டி, புத்தூர் நெருங்கும்போது சோர்ந்துவிடும்; மூன்றாவது கியரில் உருட்டிக்கொண்டு போக வேண்டும். ஓரம் கட்டி டீ குடித்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு வந்து எடுத்தால் பழையபடி இழுக்கும்.

டிரைவர் மூன்று விஷயம் சொன்னார். டேங்கை நிரப்பிய அன்றைக்குத்தான் இழுப்பதில்லை, பாதி டேங்கில் தொந்தரவு இல்லை. சோரும்போது கரும்புகை நின்றுவிடுகிறது. அதற்குச் சற்று முன்னால் பின்பக்கம் எங்கோ ‘டொங்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது.

ஓனருக்கு மூன்றும் வேடிக்கையாக இருந்தன. டீசல் நிறைய இருந்தால் வண்டி இழுக்காதா? புகை நின்றால் நல்லதுதானே? பின்னால் டொங் என்றால் லோடு நகர்ந்திருக்கும். அவர் மனதில் வேறொரு கணக்கு ஓடியது: இவன் டேங்கு நிரம்பிய அன்றைக்கு எங்கோ டீசலை இறக்கிவிட்டு நேரம் கழிக்கிறான்.

நாசில் நான்கையும் மாற்றினார்கள். சரியாகிவிட்டது என்றார்கள். மறுபடி வந்தது. பம்பை இறக்கி எலிமென்ட் மாற்றி பெஞ்சில் வைத்துக் கட்டினார்கள். சரியாகிவிட்டது, மறுபடி வந்தது. டர்போவையும் கழற்றினார்கள். விட்டுவிட்டு வரும் பழுதின் கொடுமை இங்கேதான். எதைச் செய்தாலும் குணமான மாதிரி காட்டும். அடுத்த தடவை வரும்வரை ஒவ்வொரு மெக்கானிக்கும் வென்றவர்தான். வாங்கிய பணத்துக்கு யாரும் பொய் சொல்லவில்லை. மாற்றிய எலிமென்ட் தேய்ந்துதான் இருந்தது, நாசில் ஒழுகத்தான் செய்தது. பத்து வருஷ லாரியில் எதைக் கழற்றினாலும் அதில் ஒரு குறை இருக்கும். தேடி வந்த குறை அதுதானா என்பது வேறு விஷயம்.

கடைசியாக வண்டி போய்ச் சேர்ந்த பட்டறைக்காரர் எதையும் அவிழ்க்கவில்லை. ஓனரிடம், “யார் யாரு கை வச்சிருக்காங்க, அத மட்டும் சொல்லுங்க மொதலாளி” என்றார். ஓனர் பாதியைச் சொன்னார். பம்பின் ஈய சீல் இல்லாததை அவரே பார்த்துக்கொண்டார். பிறகு டிரைவரைத் தனியாக உட்காரவைத்து, “நீ சொல்லு தம்பி, அவசரம் இல்ல” என்றார். கரும்புகையோடு வலு குறைந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று வரவில்லை என்று பொருள். புகையே இல்லாமல் வலு குறைந்தால் டீசலே வரவில்லை. பம்பு ஏற்றிய வண்டி எப்போதும் கொஞ்சம் கறுத்துத்தான் விடும். அது சட்டென்று வெளுத்தால் பட்டினி என்று அர்த்தம். டிரைவரின் இரண்டாவது சாட்சி ஒன்றே டர்போவை விடுவித்துவிட்டது.

அடுத்து அவர் செய்தது பழைய பட்டறை வழக்கம். ஒரு பிளாஸ்டிக் கேனில் டீசல் நிரப்பி, கேபினுக்குப் பின்னால் உயரத்தில் கட்டி, டேங்கிலிருந்து வரும் லைனைக் கழற்றிவிட்டு, டீசலை இழுத்து மெயின் பம்புக்குத் தள்ளும் பீட் பம்புக்குக் கேனிலிருந்து நேராக ஹோஸ் கொடுத்தார். புத்தூர் போய்த் திரும்பி வந்தார்கள். சோரவில்லை. எஞ்சின், பம்பு, நாசில், டர்போ எல்லாவற்றுக்கும் ஒரே ஓட்டத்தில் விடுதலை. பழுது டேங்குக்கும் பீட் பம்புக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

“டேங்க் மூடியத் தெற.”

டிரைவரால் முடியவில்லை. மூடிக்குப் பூட்டு போட்டிருந்தது. சாவி ஓனரிடம். டீசல் திருடுபோகாமல் இருக்கக் கடையில் வாங்கிப் போட்ட பூட்டு மூடி. ஒழுகாமல் இருக்க உள்ளே டயர் டியூபை வெட்டி ஒரு வாஷர் வேறு. மூடியில் காற்றுப் போக இருந்த சின்னத் துளையை அந்த ரப்பர் அழகாக அடைத்திருந்தது.

டேங்கிலிருந்து டீசல் வெளியே போனால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் சேரும். பீட் பம்பு எவ்வளவு இழுத்தாலும் டேங்கு பதிலுக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். டேங்கு நிரம்பியிருக்கும்போது மேலே இருக்கும் காற்று கொஞ்சம்தான். அந்தச் சிறிய இடைவெளி இரண்டு மடங்கானாலே காற்றின் அழுத்தம் பாதியாகிவிடும். அதற்குச் சில லிட்டர் டீசல் போனால் போதும். பாதி டேங்கில் காற்று நிறைய இருப்பதால் அதே அளவு டீசல் போனாலும் பெரிதாகத் தெரியாது. ‘டொங்’ என்பது உள்ளூர்த் தகடு உள்பக்கம் குழிந்த சத்தம். டீக்கடையில் நின்ற நேரத்தில் ரப்பரின் ஓரமாகக் காற்று மெல்லக் கசிந்து போய்ச் சேர்ந்திருக்கும். டிரைவர் சொன்ன மூன்றும் எழுத்துக்கு எழுத்து உண்மை. ஒருவராவது முதல் நாளே அதைக் கேட்டு யோசித்திருந்தால் ஒரு பின்னூசிச் செலவில் முடிந்திருக்கும்.

டிரைவரை நம்பாமல் போட்ட பூட்டு வண்டியின் மூச்சை அடைத்தது. வண்டி சோர்ந்தது. சோர்ந்ததற்கும் டிரைவரையே சந்தேகப்பட்டார்கள். இதை நான் ஜோடித்துச் சொல்வதாகத் தோன்றலாம். லாரித் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பூட்டு மூடியின் கதை ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள்.

எல்லாம் மூடியில் போய் முடியாது. புகைக்குழாயில் எக்ஸாஸ்ட் பிரேக்கின் தகடு கரி பிடித்துப் பாதி மூடியபடி சிக்கிக்கொள்ளும். ஆக்சிலேட்டர் கீழே புதிதாகப் போட்ட தடித்த மேட், மிதியை முழுக்க இறங்க விடாது. ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்தபடியே ஓடும், டிரம்மில் தண்ணீர் தெளித்தால் சீறும். கிளட்ச் வழுக்கும், எஞ்சின் கத்தும், வண்டி நகராது. எஞ்சினில் ஒன்றுமே இல்லாமல் எஞ்சின் வலுவிழந்ததாகத் தோன்றும் இடங்கள் இவை. நல்ல மெக்கானிக் காசு ஆகாததை முதலில் பார்ப்பார். அந்த வரிசையில் பார்த்தால் பட்டறைக்கு வருமானம் குறையும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்போது வருவன காமன் ரெயில் எஞ்சின்கள்; எல்லா நாசிலுக்கும் பொதுவான ‘ரெயில்’ என்ற குழாயில் டீசலை அழுத்தி வைத்திருப்பவை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு புது லாரி எதுவும் கம்ப்யூட்டர் இல்லாமல் இல்லை. ஸ்கேனரைச் செருகினால் பழுதின் எண்ணே திரையில் வந்துவிடும், டிரைவரைக் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்தோம். மாற்றுகிறவர்கள் அங்கேயும் முந்திக்கொண்டார்கள். ரெயிலில் டீசலின் அழுத்தத்தை அளந்து சொல்லும் சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகுகிறார்கள். உண்மையில் இருக்கும் அழுத்தத்தைவிடக் குறைவாக அது சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும். வண்டி சீறும். ஏற்றத்தில் முழு லோடில் அழுத்தம் எல்லை கடக்கும்போது பாதுகாப்பு வால்வு திறந்துகொள்ளும். கம்ப்யூட்டர் எங்கோ தப்பு என்று கண்டு வலுவைக் குறைத்துவிடும். நிறுத்தி, சாவியை அணைத்துப் போட்டால் சில வண்டிகள் மறுபடி சரியாகிவிடும். பட்டறையில் ஸ்கேனர் போட்டால் எண்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கும், ஏனென்றால் ஸ்கேனருக்கும் அந்தப் பெட்டி சொன்னதுதான் போகிறது. புகையைச் சுத்தம் செய்யும் யூரியாக் கரைசல் ஊற்றும் செலவை மிச்சம் பிடிக்க, ஊற்றாமலே ஊற்றியதாகச் சொல்லும் பெட்டிகளும் புழங்குகின்றன. கரைசல் தீர்ந்தால் படிப்படியாக வலுவைக் குறைப்பது அந்த வண்டிகளுக்கு எழுதிவைத்த விதி. பெட்டி சரியாகப் பொய் சொல்லாத நாளில் வண்டி ஏன் படுத்தது என்று யாருக்கும் புரியாது.

பெரிய கம்பெனிக்காரர்கள் யோக்கியம், சாலையோரத்தவர்கள்தான் குறுக்கு வழிக்காரர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 2015-இல் அம்பலமான ஃபோக்ஸ்வேகன் விவகாரத்தில், புகைச் சோதனைச் சாலையில் நிற்கிறோமா நிஜச் சாலையில் ஓடுகிறோமா என்பதை டீசல் காரே உணர்ந்து நடந்துகொள்ளும்படி கம்பெனியே நிரல் எழுதியிருந்தது. உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் வண்டிகள். பட்டறைக்கு வந்ததும் ஒழுங்காகிவிடும் வண்டியை வேண்டுமென்றே செய்து விற்றார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

வண்டியை மாற்றுவது நமக்குப் புதிதும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது தமிழ்நாட்டு பஸ்கள் கரி வாயுவில் ஓடின. பஸ்ஸின் பின்னால் ஒரு கரி உலையைக் கட்டி, கிளீனர் காற்றாடியைச் சுற்றிச் சுற்றி உலையை மூட்டி, அதில் வரும் வாயுவை எஞ்சினுக்கு விட்டார்கள். பெட்ரோலில் கிடைத்த வலுவில் பெரும்பங்கு போய்விடும். கரி ஈரமாக இருந்தால் இன்னும் போகும். மேட்டில் பயணிகள் இறங்கித் தள்ளிய கதையை அந்தத் தலைமுறை சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அன்றைக்கு பஸ் ஏன் இழுக்கவில்லை என்பது பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். உலை கண்ணுக்கு எதிரே இருந்தது. யாரும் எதையும் மறைக்கவில்லை. ஆகவே டிரைவரை யாரும் சந்தேகப்படவில்லை, இறங்கித் தள்ளினார்கள்.

மாற்றவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னாலும் தவணை கட்டுகிறவர் கேட்க மாட்டார். லாரி ஓனர்களிடம் கேட்பது இரண்டுதான். வண்டியில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி, ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள், பம்பு ஏற்றியதையும் எழுதுங்கள், பெட்டி வைத்ததையும் எழுதுங்கள். வண்டியைப் பட்டறையில் விடும்போது அதை ஓட்டும் டிரைவரையும் கூடவே அனுப்புங்கள். அவர் அங்கே உட்கார்ந்திருக்கும் நாளுக்கும் பேட்டா உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.